பத்தொன்பதாம் வரியில் ஒரு பிடி சோறு

என் பேச்சு நீளும் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், முகத்தில் அச்சம் காட்டாமல் தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் தமிழாசிரியர் சிவானந்தம் அவர்களே! இந்தப் படிப்பகத்துக்குப் பலகை அறுத்து, ஆணி அறைந்து, கூரை போட்ட கைகளுக்குரிய பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமையாவது சற்றே சாய்ந்து படுக்கலாம் என்றிருந்த முதுகுகளை நிமிர்த்திக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தொட்டில் பிள்ளைகளே, அவர்களை ஆட்டிக்கொண்டே என்னைக் கேட்கும் அக்காமார்களே! அனைவருக்கும் இந்த ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி ஆர்தரின் அன்பு கனிந்த, ஆசை நிறைந்த, அடக்கமான வணக்கம்!

அங்கே யார் சிரிப்பது? 'அடக்கமான' என்றதற்கா? சரி, சிரியுங்கள். சிரிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

மணி நாலரை. ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குள் நீங்கள் எல்லாரும் லயத்து வீடுகளுக்குள் இருக்க வேண்டும். முன்வரிசையில் என் துணைவியார் யூஜினியா கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார். பார்த்துவிட்டேன் அம்மா, பார்த்துவிட்டேன்!

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'வாசிப்பின் மேன்மை'. மேன்மையைப் பற்றி ஆசிரியர் பேசுவார். நான் பேசப்போவது ஒரு கீழ்மையைப் பற்றி. யாருடைய கீழ்மை? என்னுடையது. எழுதத் தெரிந்த ஒருவன், படிப்பவனை மறந்துவிட்டு எழுதினால் என்ன ஆகும்? பக்கம் நிறையும், பார்ப்பவன் கண் நிறையும், மனம் நிறையுமா? போன ஆண்டு இதே தோட்டத்தில் அது நிறையவில்லை. அதனால் ஒரு தாயைக் கப்பலேற்றி நாடுகடத்தப் பார்த்தார்கள்.

அவசரகாலம் வந்தது, முள்வேலி வந்தது, வேலி வாசலில் சோதனை வந்தது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று அரசாங்கம் புதுச் சட்டம் போட்டது. அதைத் தமிழில் எழுதி ஒட்டு என்று தோட்டத்து மேனேஜர் துரை என்னிடம் கொடுத்தார். கொடுத்தாரா? எனக்கு ஒரு திருவிழாவே கொடுத்தார்! இரண்டு இரவு விழித்தேன். எப்படித் தொடங்கினேன், கேளுங்கள்: "மாட்சிமை தங்கிய அரசினரின் மேலான கருணையினாலும், தோட்ட நிர்வாகத்தாரின் இடையறாப் பரிவினாலும், இத்தோட்டத்து வாழ் தொழிலாளப் பெருமக்கள் யாவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்..." கை தட்டாதீர்கள்! அன்றும் இப்படித்தான் தட்டினீர்கள், நானும் மயங்கிப்போனேன். இருபத்தாறு வரி. முற்றுப்புள்ளி எத்தனை? ஒன்று! அதுவும் கடைசியில். பொடி எழுத்தில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். ஒரு நாள் விடியலில் பெரட்டுக் களத்தில், ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில், ஒரே மூச்சில் வாசித்தும் காட்டினேன்.

உங்களுக்கு என்ன புரிந்தது? காலைப் பசியாறலை வேலைக்காட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது, அவ்வளவுதான். அதைப் பிசகாமல் செய்தீர்கள். வெறும் வயிற்றோடு பால் வெட்டி, பதினொரு மணிக்குக் கண் இருண்டு வந்தீர்கள். வேலிக்கு வெளியே எந்த உணவையும் எதற்காகவும் வைக்கக்கூடாது என்பது எங்கே இருந்தது? பத்தொன்பதாம் வரியில்! அதுவரை யார் விழித்திருந்தீர்கள்?

ரப்பர் மரங்கள் இலை கொட்டி, மறுபடி துளிர்த்து, பாலுக்குப் புதுவெட்டு போடும் நாள் வந்தது. அன்றைக்கு உங்கள் வழக்கம் என்ன? மரநிரையின் முதல் மரத்தடியில் ஓர் இலை விரித்து, முனியாண்டிக்கு ஒரு பிடி சோறு. நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் பதினாறு வருஷமாக அந்த இலையைப் பார்த்திருக்கிறேன். நம் முருகையாவின் மனைவி சின்னத்தாய் அன்றும் தன் வெற்றிலைப் பையில் ஒரு பிடி சோற்றை முடிந்துகொண்டு போனாள். வேலி வாசலில் வெற்றிலைப் பையை யாரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. தான் உண்ணவில்லை. ஒரு பருக்கையைக்கூட வாயில் போடவில்லை. மரத்துக்கு வைத்தாள், கும்பிட்டாள், கத்தியை எடுத்தாள்.

ரோந்து வந்தவர்கள் அந்த இலையைப் பார்த்தார்கள். காட்டோரத்தில் சோறு! யாருக்கு வைத்தாய்? "சாமிக்கு" என்றாள். எந்தச் சாமி வந்து சாட்சி சொல்லும்? ஒன்பது மாதக் கைக்குழந்தையோடு அவளை லோரியில் ஏற்றினார்கள். கோல சிலாங்கூர் போலீஸ் ஸ்டேசனில் அடைத்தார்கள். குற்றம் உறுதியானால் காவல், காவலுக்குப் பின் கப்பல். அவள் பிறந்தது இங்கே, இந்த மூன்றாம் லயத்தில். பார்த்தேயிராத ஊருக்கு அவளை அனுப்பிவிடுவார்கள். முருகையா என் ஆபீஸ் படியில் உட்கார்ந்து அழுதார். நான் சுவரில் இருந்த என் எழுத்தைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாக ஒரு படிப்பவனாகப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டேசனுக்குப் போனேன். குழந்தைக்கு ஆகட்டுமே என்று வீட்டு அலமாரியிலிருந்து ஒரு பால் டின்னை எடுத்துச் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டேன். நம் வேலி வாசலில் கிராணியை யார் சோதிப்பார்? ஸ்டேசன் வாசலில் சோதித்தார்கள். டின்னைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஓட்டை இல்லை! ஓட்டை போட்ட டின் சீக்கிரம் கெட்டுவிடும், காட்டில் சேர்த்துவைக்க முடியாது; அதற்காகத்தான் அந்த விதி. ஓட்டை போடாத டின்னை வெளியே கொண்டு போகக்கூடாது என்பது எந்த அறிவிப்பில் இருக்கிறது? என்னுடையதில்தான்! ஏழாம் வரி! எழுதிய மகராசன் நான்தான்! யூஜினியா, நீ இப்போது சிரிக்கலாம். அன்று நீ சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் என் அறிவிப்பை மேசைமேல் விரித்து, "இதை எழுதியது யார்?" என்றார். நான் என்றேன். "எழுதிய உனக்கே தெரியவில்லையே, பால் வெட்டுகிற பெண்ணுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கோபப்படுவார் என்று நின்றேன், அவர் யோசித்தார். கடைசியில், "இதைப் புரியும்படி மாற்றி எழுது. வெள்ளிக்கிழமை காலை உங்கள் பெரட்டுக்கு வருகிறேன். என் விருப்பப்படி பத்துப் பேரைக் கேட்பேன். பத்துப் பேரும் சட்டத்தைச் சொன்னால், குற்றம் உன் பழைய அறிவிப்பினுடையது, அவளுடையது இல்லை என்று எழுதி அனுப்பிவிடுவேன். ஒருவர் தவறினாலும் அவள் வழக்குக் காகிதம் கோலாலம்பூருக்குப் போய்விடும்" என்றார்.

மூன்றே நாள்! வந்ததும் எழுதினேன். இருபத்தாறைப் பதினான்கு வரியாகச் சுருக்கினேன். சுருக்கிவிட்டோம் என்ற பெருமையோடு ஆயாக்கொட்டகைக்குப் போனேன். பதினெட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே, இரண்டு ஏணைத் தொட்டிலை இரண்டு கையால் ஆட்டிக்கொண்டிருந்தார் நம் ஆயா தாயம்மா. படித்துக் காட்டினேன். முடியும்வரை கேட்டார்.

"ஐயா, நல்லாத்தான் இருக்கு. இதுல நான் எங்க இருக்கேன்?"

"நீங்களா?"

"ஆமா. சர்க்காரு இருக்கு, தொரை இருக்காரு, நீங்க ரொம்பவே இருக்கீங்க. காலையில எந்திரிச்சு வேலைக்குப் போற பொம்பள எங்க இருக்கா? அவ மொதல்ல எங்க போவா? வீட்டுலேர்ந்து வேலி கேட்டுக்கு. அப்புறம் நெரைக்கு. அப்புறம் கடைக்கு. அவ போற வழியில எழுதுங்க லா! நடக்க நடக்க ஞாபகம் வரும்."

சபையோரே, நான் சீனியர் கேம்பிரிட்ஜ் படித்தவன். இலக்கணம் கற்றவன். இப்படி ஒரு பாடம் எனக்கு எந்த வகுப்பில் கிடைத்தது? அங்கேயே, ஏணைக்கடியில் உட்கார்ந்து எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல, ஐந்தே வரி:

வீட்டில்: சமைத்த சோறு வீட்டோடு.
கேட்டில்: பையைத் திறந்து காட்டு.
நிரையில்: சாப்பிடும் பொருள் எதுவும் வைக்காதே. சாமிக்கும் வைக்காதே, சாமிக்கு வேலிக்குள் படை.
கடையில்: டின்னை ஓட்டை போட்டு வாங்கு.
ஆறு மணிக்கு: வேலிக்குள் இரு.

"சாமிக்கும்" என்ற அந்த ஒரு சொல்லை எழுத எனக்குத் தோன்றியிருக்குமா? தோன்றாது! அது தாயம்மாவின் சொல். உங்கள் தப்பு எங்கே நடக்கும் என்று உங்களோடு வாழ்கிறவருக்குத் தெரிந்தது. உங்களுக்கு மேலே நின்று எழுதிய எனக்குத் தெரியவில்லை.

"ஆபீஸ் செவுத்துல ஒட்டாதீங்க. அங்க யாரு நிக்கிறா? தண்ணிக் கொழாய்க்கிட்ட ஒட்டுங்க. வாளி நெறையிற வரைக்கும் வேற என்ன வேலை?" என்றார். விரற்கடை அகல எழுத்தில் எழுதி அங்கே ஒட்டினோம். படிக்கத் தெரிந்தவர் படிக்க, தெரியாதவர் திருப்பிச் சொல்ல, நிரைக்கு நிரை கூவிக் கூவி அந்த ஐந்து வரி தோட்டத்தைச் சுற்றி வந்தது. வியாழக்கிழமை மாலை என் வீட்டுக் கோழிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

வெள்ளி விடிந்தது. இன்ஸ்பெக்டர் வந்தார். விரலை நீட்டி நீட்டி ஆளைப் பிரித்தார். முதலாமவர் சொன்னார். இரண்டாமவர் சொன்னார். மூன்றாவதாக நம் நல்லம்மாள் பாட்டுப் போலவே சொன்னார். ஒன்பது பேர், ஒரு வரி பிசகவில்லை! பத்தாவதாக விரல் யாரை நோக்கி நீண்டது? முருகையாவை!

அவர் யாரென்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. நமக்குத் தெரியுமே! நான்கு இரவு தூங்காத மனிதர். "வீட்டுல... சோறு வீட்டோட. கேட்டுல..." என்றார், நின்றுவிட்டார். அடுத்தது மறந்துவிட்டது. பெண்கள் எடுத்துக்கொடுக்க வாய் திறந்தார்கள்; இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி அடக்கினார். ஐயோ, என் நெஞ்சு அன்று பட்ட பாட்டை எப்படிச் சொல்வேன்! சின்னத்தாயின் கப்பல் கயிறு அந்த மனிதரின் நாக்கில் கட்டியிருந்தது.

முருகையா கண்ணை மூடினார். "மறுக்கா வீட்டுலேர்ந்து வரேன் தொரை" என்றார். நின்ற இடத்திலேயே நடக்கத் தொடங்கினார்! இரண்டு அடி வைத்தார், இல்லாத பையைத் திறந்து காட்டினார்: "கேட்டுல, பையத் தொறந்து காட்டு." இன்னும் இரண்டு அடி. குனிந்தார், இல்லாத மரத்தடியைத் தொட்டார். அங்கேதான் அழுகை வெடித்தது. அழுதுகொண்டே, "நெரையில ஒண்ணும் வைக்காதே. சாமிக்கும் வைக்காதே" என்றார். கடையைச் சொன்னார், ஆறு மணியைச் சொன்னார், கண்ணைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, போதும் என்றார். அன்று பிற்பகல் சின்னத்தாய் குழந்தையோடு வந்து இறங்கினாள். தோட்டமே ஓடியது. நானும் ஓடினேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள். "ஐயா, நீங்க எழுதுனத அங்க மூணு வாட்டி எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க. மூணு வாட்டியும் நான் என்ன தப்பு செஞ்சேன்னு எனக்கு வெளங்கல." அவ்வளவுதான். அந்தச் சொல்லை ஓராண்டாகச் சுமக்கிறேன்.

ஆகவே, இந்தப் படிப்பகத்துக்கு எழுதப்போகும் இளைஞர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். எழுதுங்கள், அழகாக எழுதுங்கள், ஆனால் யாருக்கு? அவர் எங்கே நின்று படிப்பார்? படித்தவுடன் அவர் கை என்ன செய்ய வேண்டும்? இதைக் கேட்காமல் பேனாவைத் திறக்காதீர்கள். புரியாத எழுத்துக்குப் படித்தவன் பொறுப்பல்ல, எழுதியவனே பொறுப்பு! எழுதியவனே பொறுப்பு!

யூஜினியா, முடிக்கிறேன், இன்னும் ஒரே நிமிஷம். சின்னத்தாய் அந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தங்கச்சி, ஓராண்டாக உன்னைக் காணும்போதெல்லாம் தொப்பியைத் தூக்கிவிட்டுப் போய்விட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. கற்றறிந்தோர் அவையில், கருணை மிகுந்த உன் திருமுன்னர், கடந்த ஆண்டில் என் கவனக்குறைவால் விளைந்த...

என்ன தங்கச்சி? கை தூக்குகிறாயே. சத்தமாகச் சொல்.

கேட்டீர்களா சபையோரே? கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையா? அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "ஐயா, அத எழுதி ஒட்டுங்க. இப்ப நானே படிச்சுக்குவேன்."

தாயம்மா, நீங்களா சொல்லிக்கொடுத்தீர்கள்? இல்லையா? தண்ணிக் குழாயடியிலேயே கற்றுக்கொண்டாளா, அந்த ஐந்து வரியிலிருந்து?

என் கண்ணாடி மங்கிவிட்டது, பொறுங்கள்.

சரி தங்கச்சி. நாளைக் காலை, வாளி நிறையும் இடத்தில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுகிறேன். "சின்னத்தாய், தப்பு என்னுடையது. மன்னித்துவிடு." இவ்வளவுதான். ஒரு சொல் கூட்டமாட்டேன்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கும், இடையில் சிரித்த உங்கள் வாய்களுக்கும், தலைவருக்கும், தாயம்மாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மணி ஐந்தேகால். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பத்திரமாக வீடு சேருங்கள். வணக்கம்!