கத்துவது யார் என்று அம்மாவுக்குத் தெரிந்த நாள்

"அந்தப் பாட்டுல கத்துறது நான்தான்னு எங்கம்மாவுக்குத் தெரியாதுடி."

அன்னவாசல் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கிடார் பையோடு இருந்த பெண் சொன்னாள். பக்கத்திலிருந்தவள் அவர்களுடைய ராக் பேண்டில் டிரம்ஸ் வாசிப்பவள் என்று பேச்சில் தெரிந்தது.

"மொதப் பாட்டுல மூஞ்சி இல்ல. இன்னைக்கு ரிலீஸ் பண்ணுன ரெண்டாவது வீடியோவுல நல்லாத் தெரியுதே!" என்றாள் டிரம்ஸ்காரி.

"அதான் காலையிலேருந்து கையும் ஓடல, காலும் ஓடல."

கிடார்க்காரியின் போன் அடித்தது. "ஆமாம்மா, நான்தான்" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"திட்டுனாங்களா?"

"இல்லடி. பாட்ட ரெண்டு தடவ போட்டுக் கேட்டுச்சாம். ஒனக்கு எதுக்கு இம்புட்டுக் கோவம்னு கேக்குது."

"என்ன சொன்ன?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன்னேன்."

அவள் இறங்குமிடம் இன்னும் தூரம். ஆனாலும் எழுந்து படியருகே போய் நின்றுகொண்டாள்.