நாளைக்குப் போடவேண்டிய கண்

— கதவைச் சாத்திடும்மா. நான் உன் வீட்டுக்கு வந்தது பட்டறையில ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது.

— சாத்திட்டேன் மேஸ்திரி. கயிறு கொண்டாந்தீங்களா?

— பையில இருக்கு. இந்தா பாரு, நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. "ஒன்பது வருஷமா கையெழுத்துப் போட்டுக் கயிறு அனுப்புறீங்களே, எங்க முன்னாடி ஒரு கண்ணு போட்டுக் காட்டுங்க"ன்னுட்டான் அந்த அதிகாரி. நேரா உன்கிட்ட வந்துட்டேன்.

— கையெழுத்து மட்டும்தானே உங்களுது.

— குத்திக் காட்டாதம்மா. கப்பல் கயித்து நுனியை மடக்கி, கரையில இருக்கற இரும்புத் தூண்ல மாட்டுற ஒரு வளையம். அதைப் போடத் தெரியாத மேஸ்திரின்னு வெளிய தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்.

— கயிறு அறுந்து ஆள் போனப்போ ஏறலையா?

— அது வேற. மெதுவாப் பேசு. உள்ள யாரோ இருமுறாங்களே?

— என் நாத்தனார். அறுந்த கயிறு அடிச்சது அவ புருஷனைத்தானே. அன்னைலேருந்து இங்கதான் படுத்துக் கிடக்கா.

— ஐயோ பாவம். சரி சரி, ஆரம்பி. பொழுது போகுது.

— இது ரெட்டைப் பின்னல். கயித்துக்குள்ள இன்னொரு கயிறு. ஊசியை வெச்சு அளந்து குறி போடுங்க. அங்க இல்ல, மடக்குல. இப்ப மேல்பின்னலை விலக்கி உள்ள இருக்கறதை வெளிய எடுங்க.

— வர மாட்டேங்குது.

— முறைச்சா வராது. கயித்தை வளைச்சுப் பிடிங்க. ஆங், அப்படித்தான். இனிமே மேல்பின்னல் நுனி உள்பின்னலுக்குள்ள போகணும். அப்புறம் உள்பின்னல் நுனி மேல்பின்னலுக்குள்ள.

— இது அதுக்குள்ள, அது இதுக்குள்ள. தலை சுத்துதும்மா.

— ஊசி பாத்துக்கும். நீங்க தள்ளுங்க. தள்ளியாச்சா? இப்ப அந்தக் கோடியிலேருந்து அழுத்தி உருவிக்கிட்டே வாங்க. எல்லாம் தானா உள்ள போயிடும்.

— அட, மறைஞ்சே போச்சு. இவ்வளவுதானா?

— பிரியாம இருக்கக் கழுத்துல நாலு தையல். அப்புறம் எல்லாத்தையும் பிரிச்சுட்டு முதல்லேருந்து போடுங்க.

— மறுபடியுமா?

— அதிகாரி முன்னாடி கை நடுங்கினா நான் பொறுப்பில்ல.

— நீ சொன்னாச் சரிதான்.

— ம். பரவால்ல. இன்னொண்ணு.

— இந்தா, மூணாவது. இனிமே தூக்கத்துல கூடப் போட்டுடுவேன். நாளைக்கு இதைக் காட்டிட்டேன்னா பட்டறை மேல தப்பில்லன்னு ஆயிடும். நிக்கக் கூடாத இடத்துல அவன் நின்னான், அதான் செத்தான்னு எழுதி ஃபைலை மூடிடுவாங்க.

— பழி அவர் மேலயா?

— செத்தவனுக்கு என்னம்மா வலிக்கப் போகுது? வரேன். உன் உதவியை மறக்க மாட்டேன்.

— பாத்துப் போங்க, படியில ஈரம்.

— போயிட்டானா அண்ணி?

— போயிட்டாரு. எந்திரிச்சு வா.

— எல்லாம் காதுல விழுந்துச்சு. உங்களை வாய் நிறைய அக்கான்னு கூப்பிட்ட மனுஷன் என் வீட்டுக்காரரு. அவர் மேல பழி போடப் போறவனுக்குப் போய்ப் பாடம் எடுக்கறீங்களே, உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?

— முழுப் பாடம் எடுக்கலைடி. உள்ள போற நுனியை இழை இழையா வெட்டி, எலி வால் மாதிரி ஒல்லியாக்கித்தான் விடணும். அப்படியே தடியா விட்டா, அது முடியற இடத்துல பாரம் மொத்தமா ஏறும். அங்கேயே அறுந்துடும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. அதை நான் அவருக்குச் சொல்லவே இல்ல.

— அப்படின்னா நாளைக்கு?

— அறுந்த கயித்தைப் பிரிச்சு மேசை மேல வெச்சிருக்காங்க. இவர் போடுறதையும் பக்கத்துல வெச்சுப் பிரிப்பாங்க. ரெண்டு நுனியும் ஒரே மாதிரி மொட்டையா இருக்கும். உன் புருஷன் நின்ன இடத்தைப் பத்தி அதுக்கப்புறம் யாரும் பேச மாட்டாங்க.

— அன்னைக்குப் போட்டதும் இவன்தானா? நல்லா இருப்பானா அவன்?

— அவருக்குக் கொஞ்ச நேரம் முன்ன வரைக்கும் போடத் தெரியாதேடி. "கப்பல் காத்துக்கிட்டிருக்கு, என்னத்தையோ வெட்டிக்கிட்டு உக்காந்திருக்காத, அப்படியே விடு"ன்னு சொன்னது அவரு. அப்படியே விட்டது நான்.