வழுக்காத படி

படித்துறையில் வழுக்கி விழுவது பெரும்பாலும் பெண்கள்தான். ஒரு கையில் குடம், இன்னொரு கையில் ஈரத்துணி. பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. அதை நினைத்துத்தான் படியைக் கொத்திவிட ஆளைக் கூப்பிட்டேன். நீங்கள் கேட்பதால் மற்றதையும் சொல்கிறேன்.

பாளையங்கோட்டைத் தமிழாராய்ச்சிச் சபையில் நான் ஒருத்திதான் பெண். தாமிரபரணிக் கரை மண்டபத்தைக் கட்டியவன் பாண்டிய மன்னன் என்று நான் எழுதிய கட்டுரைக்காகத்தான் எனக்கு நாற்காலி போட்டார்கள். அதில் உட்கார்ந்து நான் கற்றது, தலைவர் பேசும்போது எந்த இடத்தில் தலையாட்ட வேண்டும் என்பது.

பியூலா என் பழைய மாணவி. ஆராய்ச்சி செய்ய வேண்டும், சபையில் சேர வேண்டும் என்று வந்தாள். வழிகாட்டச் சம்மதித்தேன். ஆறு வற்றிய 1912 கோடையில், மண்டபத்துப் படித்துறையின் கடைசிப் படியில் அவள் ஒரு கல்வெட்டைக் கண்டுபிடித்தாள். நானும் தடவிப் பார்த்தேன். மண்டபத்தைக் கட்டியது நெய் விற்ற ஒரு நங்கை என்று இருந்தது. தெளிவான எழுத்து.

சனிக்கிழமை சபையார் வந்து பார்ப்பதென்றும், அவள் சொன்னது சரியானால் சேர்த்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. எனக்கு அவளைப் பற்றித்தான் கவலை. வந்ததும் வராததுமாக மூத்தவர்களின் தவறைக் காட்டுகிற பெண்ணை எந்தச் சபை வைத்துக்கொள்ளும்?

வெள்ளிக்கிழமை, அம்மி கொத்துகிற செல்லக்கிளியை அழைத்துப் போனேன்.

"இது வழுக்காதே தாயி. நெளிவு நெளிவா வெட்டிக் கெடக்கு, காலு நல்லாப் பிடிக்குமே."

"இருக்கட்டும், கொத்து."

மறுநாள் சபையார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். ஒருவர் பூதக்கண்ணாடி வைத்திருந்தார். கல் முழுக்கப் புத்தம்புது வெள்ளைப் புள்ளிகள். அவை எப்படி வந்தன என்று எந்த ஆராய்ச்சியாளரும் கேட்கவில்லை.

"ஏளா, அம்மைத் தழும்பையா வாசிச்ச?" என்றார் தலைவர் ஞானசிகாமணி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும், சரியான இடத்தில்.

பியூலா என்னைப் பார்த்தாள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

அவளை நான் கைவிடவில்லை. தலைவரிடம் பேசிச் சபையிலேயே இடம் வாங்கிக் கொடுத்தேன். என் கட்டுரைகளைச் சுத்தப்பிரதி எழுதுகிறாள். மண்டபக் கட்டுரையின் இரண்டாம் பதிப்பும் அவள் கையெழுத்தில்தான் அச்சுக்குப் போயிற்று. அப்போது மட்டும் ஒரு தடவை கேட்டாள்.

"டீச்சரம்மா, அன்னைக்கு நீங்களும் தடவிப் பாத்தியள்லா? எழுத்து இருந்துச்சில்லா?"

"இல்லையே, பியூலா."

பேனாவை மையில் தோய்த்துக்கொண்டாள். பிறகு தலையாட்டினாள்.

அன்றுதான் அவள் முழுமையாகச் சபையைச் சேர்ந்தவளானாள். அதற்காக நான் எவ்வளவு செய்திருக்கிறேன் என்பது பாவம், அவளுக்குத் தெரியாது.