ஈரச் சாரனும் தாடியும்

இதை எழுதினால் பாவம் சேருமோ என்று ஒன்பது வருடம் தயங்கினேன். ஆனால் அது புருஷனும் பெண்சாதியும் கதைத்த ஹலாலான கதை. அதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. அல்லாஹ் மன்னிப்பானாக.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் நடுவயதுத் தம்பதி இருந்தார்கள். புருஷன் மடியில் மருந்துக்கடை ஸ்பிரிட் போத்தலும் பஞ்சு சுற்றிய சின்னப் பந்தமும்.

"நீங்க என்ட முதுகுல தீயால தடவுறது எனக்கும் விருப்பம்தான்," என்றாள் பெண்சாதி. "ஆனா உங்கட மருதமுனைப் பருத்திச் சாரன் ஒண்ட நனைச்சுப் பக்கத்துல வெச்சாத்தான் படுப்பன்."

"வெக்கிறன் புள்ள."

"கெதியாப் பத்துற நைலெக்ஸ் சாறி அறைக்குள்ள வரப்படா. நான் தலைக்கு எண்ணெய் வெக்க மாட்டன். நீங்க பந்தத்துப் பஞ்சப் பிழிஞ்சு, போத்தல மூடி வெளிய வெச்சிட்டுத்தான் கொளுத்தணும். தீ ஓடின இடத்த உடன கையால தடவி அணைக்கணும். நான் போதும் எண்டா போதும்."

"போன முறையும் உடன நிப்பாட்டினன்தானே?"

"நீங்க நிப்பாட்டினீங்க. உங்கட தாடி நிப்பாட்டல்லியே."

அவர் தாடியைத் தடவினார். ஒரு பக்கம் கருகிக் குட்டையாக இருந்ததை அப்போதுதான் கண்டேன்.

"தாடி சுன்னத்து, நபி வழி. சிரைக்க மாட்டன்."

"சிரைக்கச் சொல்லல்ல. இண்டைக்கு நீங்க குப்புறப் படுங்க. பந்தம் என்ட கையில."

பஸ் சாய்ந்தமருதைத் தாண்டும்போது அவர் போத்தலை மடியில் நிமிர்த்தி வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"நான் போதும் எண்டா நீ நிப்பாட்டுவியா?"

"வல்லாஹி, சத்தியமா நிப்பாட்டுவன்."

"அப்ப ரெண்டு சாரன நனை. ஒண்டு தாடிக்கு."

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு ஈரச் சாரனை விட்டுவிடாதீர்கள்.