முழங்காலுக்குக் கீழே

— இதுவும் வேண்டாம்க்கா.

— இதுக்கு என்ன குறைச்சல் தங்கச்சி?

— உயரம்.

— உன் இடுப்புக்குக்கூட வராதே!

— முழங்காலுக்கு மேல போகக் கூடாதுக்கா.

— அது உயரம், இது விலை, அந்தா அது முள்ளு... நீ செடி பாக்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியா?

— மாப்பிள்ளைய அளவு பாக்காமத்தான் எடுத்தேன். நிலைப்படியில தலை இடிக்கிற உயரம்.

— இப்பவும் இடிக்குதா?

— ... இல்லக்கா. இப்ப இடிக்கறதில்ல.

— சரி, சரி... போன வாரம் ஒரு வேலை சொன்னேனே. வெள்ளைத்தாளத் தரையில போட்டு, அதுக்கு மேல கையப் பிடிச்சு, நிழலப் பாருன்னு. பாத்தியா?

— பாத்தேன்க்கா. காலையில வேலைக்குக் கிளம்பறப்ப ஒரு தடவை, சாயந்தரம் வந்ததும் ஒரு தடவை. ரெண்டு தடவையும் விரலே தெரியல. மங்கலா ஒரு கறை மாதிரி... அவ்வளவுதான்.

— விரல் விரலாத் தெரிஞ்சா வெயில். கறையாத் தெரிஞ்சா நிழல். ரோஜா பொழைக்காது.

— இது தெரியாமத்தான் மூணு ரோஜாவக் கொன்னேன்.

— நாலு.

— எண்ணி வெச்சிருக்கீங்களா?

— வித்தவளுக்குத் தெரியாதா? நாலாவதைக் குடுக்கறப்ப எனக்கே மனசு கேக்கல. அதான் தாளப் போடச் சொன்னேன். இந்தா, இந்தப் பெரணியப் பாரு. முழங்காலுக்கு மேல எழும்பாது.

— விலை?

— தனித்தனியா வாங்கினாத்தான் விலை. இந்த ஒரு தொட்டி வாங்கு. வேரோட நாலாப் பிரிச்சு நடு. அடுத்த மழைக்கு அந்த நாலையும் பிரி.

— பதினாறா? வெயிலே இல்லாமயா?

— கிடைக்கிற வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி இலைய அகலமாக்கிக்கும் இதுங்க. வெளிச்சம் குறையக் குறைய இலை பெருசாகும். பெரணிக்குப் பக்கத்துல இருக்கிற இந்தச் செடியோட இலையில உன் கைய வெச்சுப் பாரு.

— அம்மாடி... என் உள்ளங்கையவிடப் பெருசு! இத்தனையும் அந்த இருட்டுலயா விரியுது?

— இருபது வருஷமா விக்கறேன். எனக்கே இன்னும் புரியல, எங்கேர்ந்து எடுக்குதுன்னு.

— இதுல ரெண்டு எடுத்துக்கறேன்.

— எடுத்துக்கலாம். முழங்கால் கணக்கு என்னன்னு சொல்லு முதல்ல.

— அது... ஜன்னல் மறைக்கும்.

— உன் வீட்டு ஜன்னல் நெஞ்சு உயரத்துல இருக்கு. தெரு வழியா தினம் போறவ நான்.

— விடமாட்டீங்களா?

— மாட்டேன்.

— ... அவருக்காகத்தான்க்கா. தெருவிளக்குக் கம்பத்துல ஏறி வேலை பாத்தவரு. மூணு வருஷமா முதுகெலும்பு இறுகி இறுகி... வளைஞ்சிடுச்சு. தலைய நிமித்த முடியாது. கண்ணுக்குத் தெரியறது தரை மட்டுந்தான்.

— வெளிய வர்றாரா?

— எட்டு மாசமாச்சு, படி இறங்கி. கூப்பிட்டா, "வந்து எதைப் பாக்க? ஊர்ச் செருப்பையா?"ன்னு கேக்கறாரு. சிரிச்சுக்கிட்டேதான் கேப்பாரு. அதுதான் தாங்கல.

— ம்...

— போன ஞாயித்துக்கிழமை அவரு அசந்து தூங்கினாரு. நான் அவர மாதிரியே குனிஞ்சுக்கிட்டு, படியிலேர்ந்து இரும்புக் கதவு வரைக்கும் நடந்து பாத்தேன்.

— பைத்தியமே! யாராவது பாத்திருந்தா?

— பாக்கட்டும். முதல்ல வெறும் மண்ணுதான். ஒரு உடைஞ்ச ஓடு. அப்புறம் குழாயடிச் சுவத்துல பாசி இருந்துச்சுக்கா. வழுக்கிடும்னு வாரா வாரம் நான் தேய்ச்சுத் தள்ற பாசி. கிட்டப் பாத்தா... தலைமுடி மாதிரி தண்டு, நூறு இருநூறு. ஒவ்வொரு தண்டு நுனியிலயும் ஒரு துளி தண்ணி. ஒவ்வொரு துளிக்குள்ளயும் எங்க வீட்டு மரம், தலைகீழா.

— அத்தனை துளியிலயுமா?

— அத்தனையிலயும். பதினோரு வருஷமா அந்த வழியாத்தான் நடக்கறேன். ஒரு நாளும் பாத்ததில்ல. இடுப்பு கழண்டு போற மாதிரி வலி, ஆனா நிமிரத் தோணல. அப்பதான் நினைச்சேன்... குனிஞ்சவருக்குன்னே ஒரு தோட்டம் வெச்சா, ஒரு நாளாவது இறங்கி வருவாருல்ல? வருவாருல்லக்கா?

— கண்ணுல மண்ணு விழுந்துடுச்சு. சும்மா இரு. பெரணியச் சுவத்தோரம் வை. இந்த அகல இலை படிக்கிட்ட. சிவப்புப் பூ பூக்கிற பிகோனியா ஒண்ணு தர்றேன், அதை மட்டும் குழாயைத் தாண்டி, அந்த மூணு மணி வெளிச்சம் விழற இடத்துல வெச்சிடு.

— எந்த வெளிச்சம்?

— அதான்... எதிர்வீட்டு மாடிக் கண்ணாடியில பட்டுத் திரும்புமே. ஒரு தட்டு அகலத்துக்கு. குழாயடியில விழுந்து, மெல்ல மெல்ல நகந்து, இரும்புக் கதவுக்கிட்டப் போய் அணைஞ்சிடும். அரை மணி நேரம்.

— எங்க வாசல்ல வெயிலே விழாதுக்கா.

— விழும்.

— நான் பாத்ததே இல்லையே!

— மூணு மணிக்கு நீ வேலையிலல்ல இருப்ப.

— சரி, நீங்க எப்படிப் பாத்தீங்க? தெருவுலேர்ந்து மதில் மறைக்குமே. உள்ள தரை தெரியாதே.

— என் வாயிருக்கே... இதைத் தைச்சுத்தான் போடணும். சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் தங்கச்சி.

— யார்கிட்ட?

— மதியம் செடிவண்டியத் தள்ளிக்கிட்டு உங்க தெரு வழியா வருவேன். மேல்தட்டுல இருக்கிற ரோஜாவத்தான் எல்லாரும் கேப்பாங்க. அடித்தட்டை ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க. பத்து நாளா ஒருத்தரு மட்டும் அடித்தட்டப் பாத்தே கேக்கறாரு, இது என்ன, அது என்ன, நிழல்ல வருமான்னு.

— எங்கேர்ந்து? உள்ளேர்ந்தா? படியிலேர்ந்தா?

— முதல் நாள் படியிலேர்ந்து வெறும் குரல்தான். அப்புறம் குழாயடி. அந்த வெளிச்சம் நகருதில்ல, அது கூடவே நடக்கறாரு. அது அணையறதுக்குள்ள கதவத் தொட்டுடணுமாம். அவருக்கு அவரே வெச்சுக்கிட்ட பந்தயம்.

— அவரா? எங்க வீட்டுக்காரரா?

— முந்தாநாள் தொட்டுட்டாரு. கதவுக் கம்பி வழியா அந்தக் கையப் பாத்தேன். பிடிச்ச பிடிய விடல.

— கடவுளே... கதவு வரைக்குமா... என்கிட்ட ஒரு வார்த்தை...

— செடி வெச்சதுக்கு அப்புறம் சொல்லலாம்னு இருந்தாரு.

— அவருக்கும் செடி வேணும்னு தோணிச்சா? தனக்குப் பாக்கணும்னு கேட்டாரா?

— நானும் அப்படித்தான் நினைச்சேன். "எனக்கு இல்லீங்க. என்னைக் கைப்பிடிச்சு நடத்தறப்ப என் காலு எதுலயும் தட்டிடக் கூடாதேன்னு பாத்துப் பாத்து, அவ தனியா நடக்கறப்பவும் தரையத்தான் பாக்கறா. முழங்காலுக்கு மேல வளராததாக் குடுங்க, அவ கண்ணுல படணும்"னாரு.