நல்லதண்ணிச் சீட்டு கட்டிய போத்தல்

வீரய்யா: டொக்டர் ஐயா ஊரோட போற ரயிலு கெளம்புனதுலேருந்து ஒரு வார்த்தை பேசலையே, பக்கீர் நானா. ஜீப்பையாச்சும் கொஞ்சம் மெதுவா விடுங்க.

பக்கீர்: நீ மட்டும் பாட்டா பாடிக்கிட்டு வார? பிளாட்பாரத்துல மூக்கைச் சிந்துனியே, சளியா?

வீரய்யா: பனி...

பக்கீர்: பகல் பன்னெண்டு மணிக்குப் பனி!

வீரய்யா: பன்னெண்டு வருஷம் நானா. நான் ஓடைச் சேறு அள்ளிக் குடுத்தேன், டொக்டர் ஐயா அதை மைக்ராஸ்கோப்புல வச்சுப் புழு பாத்தாரு. எங்க வீட்டுல கேப்பா, "படிச்ச மனுஷன், வேற வேலையே இல்லையா?"ன்னு.

பக்கீர்: நம்ம வீட்டுலயும் அதே கேள்விதான். கண்ணுக்கே தெரியாத நூல் புழுவுக்கு எதுக்குப் பேரு, எதுக்குப் படம்னு.

வீரய்யா: ஏழு புழுவுக்குப் பேரு வச்சாரு. ஏழும் ஒலகத்துல யாரும் எழுதாதது. எட்டாவதுதான்...

பக்கீர்: அதை விடு.

வீரய்யா: எப்பிடி விடுறது? வாயில மூணு பல்லு உள்ள பொம்பளைப் புழு. ஒரே ஒண்ணு. சீமையில என்ன எழுதுனாங்க? "ஒண்ணை வச்சிப் புதுச் சாதின்னு ஒத்துக்க முடியாது, ஆம்பளைப் புழுவும் வேணும்"னு.

பக்கீர்: அதுக்குத்தானே மலை மேல நல்லதண்ணி ஓடைக்கு நடையா நடந்தாரு.

வீரய்யா: நாலு வருஷம். முப்பத்தோரு தடவை. அட்டை கடிச்சுக் காலு பூரா ரத்தம். ஒண்ணும் ஆப்புடலை. கடைசியில தாங் கையாலயே அதுக்கு வச்சிருந்த பேரை வெட்டிட்டாரு. "நான் கண்டது ஏதோ ஊனப்பட்ட புழு, வீரய்யா"ன்னாரு.

பக்கீர்: வயசாச்சு, கண்ணும் மங்கிப்போச்சு. தப்பாப் பாத்திருப்பாரு.

வீரய்யா: அவரு பாத்தது சரிதான் நானா.

பக்கீர்: ஒனக்கென்ன தெரியும்?

வீரய்யா: ...அறுபதாம் வருஷம், நல்லதண்ணியில சேறு அள்ளிட்டு வரயில பூண்டுலோயாவுக்குத் திருப்புனீங்களே. ஞாபகம் இருக்கா?

பக்கீர்: மெதுவாப் பேசு! ஆபீஸ் ஜீப்புல தங்கச்சி வீட்டுக்குப் போனது தெரிஞ்சா இன்னிக்கும் வேலை போயிரும்.

வீரய்யா: நீங்க உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. நான் சேத்துப் போத்தலை எறக்கி நெழல்ல வைக்கப் போனேன். கை வழுக்கி... சில்லு சில்லாப் போச்சு.

பக்கீர்: ஒடைச்சியா!

வீரய்யா: கழுத்துல கட்டியிருந்த சீட்டு மட்டும் மிஞ்சிச்சு. "நல்லதண்ணி ஓடை"ன்னு அவரு கையெழுத்து. தங்கச்சி வீட்டுக்குக் கீழ வயல் வாய்க்கா ஓடுதில்ல? வேற போத்தல்ல அந்தச் சேத்தை அள்ளி, அதே சீட்டைக் கட்டிட்டேன்.

பக்கீர்: அடப் பாவி...

வீரய்யா: எல்லாம் சேறுதானேன்னு நெனச்சேன். அதுலதான் அந்தப் புழு இருந்திச்சு. பூண்டுலோயாப் புழுவை நல்லதண்ணியில தேடுனாரு மனுஷன்.

பக்கீர்: அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா.

வீரய்யா: சொல்லத்தான் போனேன். "இந்தப் புழுவுக்கு ஒம் பேரைத்தான் வைக்கப் போறேன், கொண்டாந்தது நீதானே"ன்னாரு. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்ல?

பக்கீர்: அதை இனிப் பேசி என்னத்துக்கு?

வீரய்யா: இப்பவாச்சும் கடுதாசி போட்டுருவோமா நானா?

பக்கீர்: மைக்ராஸ்கோப்பையே ஆபீஸ்ல விட்டுட்டுப் போறாரு. கடுதாசி போட்டு...? பாக்கக் கண்ணு வேணுமே.

வீரய்யா: அவரா ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சத்தியமா சொல்லியிருப்பேன். கேக்கவே இல்ல நானா.

பக்கீர்: கேட்டாரு.

வீரய்யா: யாருகிட்ட?

பக்கீர்: எங்கிட்ட. அந்தச் சேத்துல நெல்லு உமி கெடந்திச்சாம். "வயலே இல்லாத நல்லதண்ணியில உமி எப்பிடி வரும் பக்கீர், வழியில எங்கயாவது நிறுத்துனீங்களா?"ன்னு. அல்லா மேல ஆணையா இல்லைன்னேன். "நீ சொன்னாப் போதும்"னுட்டு மறுநாளே மறுபடி நல்லதண்ணிக்குக் கெளம்பிட்டாரு... நான்தான் ஜீப்பை ஓட்டிட்டுப் போனேன்.