தண்ணீர் நிற்கும் படகு

"ஒரு சொட்டு ஒழுகலை பாய். மழைத்தண்ணி முழங்கால் அளவு அப்படியே உள்ளே நிக்குது."

அதிராம்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் சொன்னார். பழைய ஃபைபர் மோட்டார் படகு ஒன்றை விலைக்குப் பார்த்துவிட்டு வரும் பூதலூர் விவசாயி. பக்கத்தில் இருந்த பாய் சொந்தமாகப் படகு வைத்திருப்பவர்.

"தண்ணி நிக்குதான்னு பாக்க, அது என்ன வயலாங்க?"

"உள்ளே இருக்கறது வெளியே போகலைன்னா, வெளியே இருக்கறது மட்டும் உள்ளே வந்துருமா?"

"மேலதாங்க ஃபைபர். நடுவுல பலகை. தேங்குன தண்ணியில அது ஊறிப் போயிருக்கும். எஞ்சின் மாட்டுற இடத்தைத் தட்டிப் பாத்தீங்களா?"

"தட்டினேன். தொம்முன்னுச்சு. தண்ணி கெடக்கறதாலன்னு நெனச்சேன்."

"நீங்க அப்படி நெனைக்கணும்னுதான் விக்கிற ஆளு தண்ணியை இறைக்காம வச்சிருக்காரு."

விவசாயி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பட்டுக்கோட்டை தாண்டியதும் மெதுவாகச் சொன்னார். "போன வெள்ளத்துல மாடெல்லாம் கொள்ளிடத்துப் படுகையில மாட்டிக்கிச்சு பாய். நான் கரையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

பாய் அவர் தோளில் கை வைத்தார்.

"வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் நானே வந்து பாக்கறேன். அதுவரைக்கும் அதுல நாத்து விட்டுறாதீங்க."